தொடாமல் விட்ட லினக்ஸ் கணினி தானாகப் பூட்டிக்கொண்டு உறங்குவதற்கு: காசிமேட்டு அலுவலகத்திலிருந்து வந்த கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டிருப்பதை, படிக்கும் மற்றவர்களுக்கும் விளங்கும்படி, முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்துக்கும் காசிமேட்டுக்கும் நடுவே, எண்ணூர் விரைவுச் சாலையைப் பார்த்த மாடியில், சரக்குகளுக்குச் சுங்க அனுமதி பெற்றுத்தரும் உங்கள் கிளியரிங் அலுவலகம் இருக்கிறது. அங்கே மூன்று மேசைக் கணினிகள். இரண்டில் உபுண்டு, ஒன்றில் லினக்ஸ் மின்ட். டெலிவரி ஆர்டர் எடுத்துவரும் பையன்கள், கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள், இறக்குமதியாளர்களின் ஆட்கள் என்று நாள் முழுவதும் யாராவது மேசைக்கு எதிரே வந்து நிற்கிற இடம் என்பதால், 5 நிமிடம் தொடாவிட்டால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும், 30 நிமிடம் தொடாவிட்டால் கணினி சஸ்பெண்ட் ஆகிவிட, அதாவது உறங்கிவிட வேண்டும் என்று விரும்புகிறீர்கள். நடப்பதோ வேறாக இருக்கிறது. முதல் உபுண்டு பூட்டிக்கொள்கிறது, ஆனால் உறங்குவதே இல்லை. இரண்டாவது உபுண்டு உறங்குகிறது, ஆனால் எழுப்பியவுடன் கடவுச்சொல் கேட்காமல் திறந்துகொள்கிறது. மின்ட் கணினி சில நாள் இரண்டையும் செய்கிறது, பல நாள் ஒன்றையும் செய்வதில்லை. இவற்றோடு, ஸ்வே என்ற எளிய சாளர மேலாளர் போட்டிருக்கும் உங்கள் மைத்துனரின் லேப்டாப்பையும் சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள்.

திரை அணைவது, திரை பூட்டப்படுவது, கணினி உறங்குவது ஆகிய மூன்றும் ஒரே செயலின் மூன்று படிகள் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். லினக்ஸில் இவை மூன்று தனித்தனி வேலைகள். இவற்றைச் செய்யும் நிரல்களும் பெரும்பாலும் தனித்தனியானவை. ஒன்று நடந்தால் மற்றொன்று நடந்தே தீரும் என்ற உத்தரவாதம் எதுவும் கிடையாது. திரை கறுத்துக் கிடந்தும் பூட்டப்படாமல் இருக்கலாம், பூட்டப்பட்டும் உறங்காமல் இருக்கலாம், உறங்கியும் பூட்டப்படாமல் இருக்கலாம். உங்கள் அலுவலகத்தில் இந்த வகைகளெல்லாம் ஒரே கூரையின் கீழ் கூடியிருக்கின்றன.

யாரும் தொடவில்லை என்பதை முடிவு செய்வது யார் என்பதை அடுத்துப் பார்க்க வேண்டும். திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய எக்ஸ் 11 முறையில், கடைசியாக ஒரு விசையோ மவுஸோ அசைந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதை எக்ஸ் சர்வரே கணக்கு வைத்திருக்கிறது. அதற்குப் பின் வந்த புதிய முறையான வேலேண்டில் அந்தக் கணக்கு, சாளரங்களைச் சேர்த்துத் திரையை வரையும் நிரலான கம்போசிட்டரிடம் இருக்கிறது. உபுண்டுவின் மேசைத்தளச் சூழலான க்னோமில் அது மட்டர், ஸ்வேயில் ஸ்வேயே. இந்தக் கணக்கைப் பார்த்து மேசைத்தளச் சூழல் தன் வேலைகளைச் செய்துகொள்கிறது. அதோடு, இந்த அமர்வு இப்போது செயலற்று இருக்கிறது என்ற ஒரு குறிப்பை, ஐடில் ஹின்ட் என்ற பெயரில், பின்னணிச் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டியின் அங்கமாக, பயனர் அமர்வுகளைக் கவனிக்கும் லாகின்டிக்கும் அனுப்பிவைக்கிறது. லாகின்டிக்கு என்று தனியே ஓர் அமைப்புக் கோப்பு இருக்கிறது. அதில் ஐடில்ஆக்‌ஷன் என்ற வரியில் என்ன செய்ய வேண்டும் என்பதையும், ஐடில்ஆக்‌ஷன்செக் என்ற வரியில் எவ்வளவு நேரம் கழித்து என்பதையும் எழுதலாம். முதலாவதன் இயல்பு மதிப்பு எதுவும் செய்யாதே என்பது; இரண்டாவதன் இயல்பு மதிப்பு 30 நிமிடம்.

பலரும் தடுமாறும் இடம் இது. லாகின்டியின் அந்த 30 நிமிடம், நீங்கள் கையை எடுத்த கணத்திலிருந்து ஓடத் தொடங்குவதில்லை. எல்லா அமர்வுகளும் செயலற்றுவிட்டன என்று தெரிவித்த பிறகு, உறக்கத்துக்குத் தடை போடும் நிரல் எதுவும் இல்லாத நிலையில், அதற்கு மேல்தான் ஓடத் தொடங்குகிறது. க்னோம் 5 நிமிடத்துக்குப் பிறகு குறிப்பு அனுப்புகிறது என்றால், மொத்தம் 35 நிமிடம் ஆகும். வரைகலை அமர்வு குறிப்பே அனுப்பாவிட்டால் லாகின்டி காத்துக்கொண்டே இருக்கும். எனவே, க்னோம், சின்னமன், கேடிஈ போன்ற முழுமையான சூழல்கள் உள்ள கணினிகளில் லாகின்டியின் கோப்பைத் தொட வேண்டாம் என்பதே என் ஆலோசனை. இரண்டு கடிகாரங்கள் ஓடினால், எது கணினியை உறங்கவைத்தது, எது வைக்கவில்லை என்று பின்னால் கண்டுபிடிப்பது பெரும்பாடு. ஏற்கெனவே எங்கேயாவது படித்துவிட்டு அதில் ஏதாவது எழுதியிருந்தால், அந்த வரிகளின் முன்னால் ஹாஷ் குறியைப் போட்டுவிட்டுக் கணினியை ஒருமுறை மறுதொடக்கம் செய்துவிடுங்கள்.

முதல் உபுண்டுவுக்கு வருவோம். பூட்டிக்கொள்கிறது என்பதிலிருந்தே ஒரு செய்தி கிடைத்துவிடுகிறது: செயலற்ற நேரம் சரியாகவே எண்ணப்படுகிறது. வீடியோ ஓடுவதோ மவுஸ் அசைவதோ காரணமாக இருந்தால், பூட்டும் விழுந்திருக்காது. ஆகவே கோளாறு உறக்கத்தின் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மின் இணைப்பில் ஓடும்போது தானாக உறங்கும் வசதியை உபுண்டு அணைத்தே தருகிறது. பேட்டரியில் ஓடும்போதுதான் அது இயக்கத்தில் இருக்கும். மேசைக் கணினிக்குப் பேட்டரியே கிடையாது என்பதால், நீங்கள் பூட்டுவதற்கான நேரத்தை மட்டும் அமைத்துவிட்டு இதை விட்டிருந்தால், அது என்றைக்குமே உறங்காது. அமைப்புகளில் பவர் என்ற பகுதிக்குப் போய், தானியங்கி சஸ்பெண்ட் என்பதில் மின் இணைப்பில் இருக்கும்போது என்ற தெரிவை இயக்கி, நேரத்தை 30 நிமிடமாக வையுங்கள்.

அதற்குப் பிறகும் உறங்காவிட்டால், உறக்கத்தை மட்டும் தடுத்துக்கொண்டிருக்கும் நிரல் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். சிஸ்டம்டி-இன்ஹிபிட் என்ற ஆணையை லிஸ்ட் என்ற தெரிவோடு கொடுத்தால், லாகின்டியிடம் தடை பெற்றிருக்கும் நிரல்களின் பட்டியல் வரும். அந்தப் பட்டியலில் டிலே, பிளாக் என்று இரண்டு வகை இருக்கும். டிலே என்பது சில விநாடி பொறு என்ற வேண்டுகோள்தான். நெட்வொர்க் மேனேஜரும் க்னோமும் எப்போதும் அதை வைத்திருப்பார்கள், அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. நீங்கள் தேட வேண்டியது பிளாக் என்று எழுதியிருக்கும் வரியை. க்னோமின் அமர்வு மேலாளரிடம் நேரடியாகத் தடை கேட்கும் நிரல்கள் இந்தப் பட்டியலில் தெரியாமல் போகலாம். அவற்றைப் பார்க்க க்னோம்-செஷன்-இன்ஹிபிட் என்ற ஆணையையும் அதே லிஸ்ட் தெரிவோடு கொடுத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு வாய்ப்பும் உண்டு. கணினி உறங்கப்போய், அடுத்த விநாடியே விழித்துக்கொண்டிருக்கலாம். நீங்கள் பார்க்கும்போது அது உறங்கவே இல்லை என்று தோன்றும். இதை உறுதி செய்ய, ஜர்னல்சிடிஎல் என்ற ஆணை காட்டும் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) பதிவுகளில் சஸ்பெண்ட் என்ட்ரி, சஸ்பெண்ட் எக்ஸிட் என்ற இரண்டு வரிகளையும் தேடுங்கள். இரண்டுக்கும் இடையே ஓரிரு விநாடிதான் இருக்கிறது என்றால், ஏதோ ஒரு சாதனம் எழுப்பிவிடுகிறது என்று பொருள். பல நேரங்களில் அது கம்பியில்லா மவுஸின் சிறிய யுஎஸ்பி ரிசீவராக இருக்கும். கெர்னல் பொதுவாகக் கீபோர்டுக்குத்தான் கணினியை எழுப்பும் உரிமையைத் தருகிறது. சாதாரணக் கம்பி மவுஸுக்குத் தருவதில்லை. ஆனால் இந்த ரிசீவர்களில் பல, மவுஸ் மட்டும் வாங்கியிருந்தாலும், தம்மைக் கீபோர்டாகவும் அறிமுகப்படுத்திக்கொள்வதால் அந்த உரிமை அவற்றுக்கும் கிடைத்துவிடுகிறது. சிஸ் கோப்புறையின் கீழ் அந்த யுஎஸ்பி சாதனத்துக்கு உரிய இடத்தில், பவர் கோப்புறைக்குள் வேக்அப் என்றொரு கோப்பு இருக்கும். அதில் டிஸேபிள்டு என்று எழுதினால் எழுப்பும் உரிமை போய்விடும். மறுதொடக்கத்தில் அது பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதால், நிலைக்க வேண்டுமானால், சாதனம் இணையும்போதெல்லாம் பின்பற்றப்படும் யூடெவ் விதியாக எழுதி வைக்க வேண்டும்.

இரண்டாவது உபுண்டு உங்களுக்கு உண்மையிலேயே கவலை தர வேண்டிய கணினி. உறங்காத கணினியால் மின்கட்டணம்தான் கூடும். எழுந்தவுடன் கேள்வி கேட்காமல் திறந்துகொள்ளும் கணினியிலோ, பில் ஆஃப் என்ட்ரி (சுங்கத்துக்குத் தரும் இறக்குமதி விவரம்) வரைவுகளும் வாடிக்கையாளர்களின் இன்வாய்ஸ்களும், எதிரே நிற்பவர் ஒரு விசையைத் தட்டினால் போதும் என்ற நிலையில் கிடக்கின்றன. உபுண்டுவின் அமைப்புகளில், தனியுரிமைப் பகுதியில் உள்ள திரைப் பூட்டுப் பக்கத்தில், தானாகப் பூட்டு என்ற ஒரு தெரிவும், சஸ்பெண்ட் ஆகும்போது பூட்டு என்ற இன்னொரு தெரிவும் தனித்தனியாக இருக்கின்றன. இரண்டாவது தெரிவு உபுண்டு தன் பங்குக்குச் சேர்த்தது. இரண்டையும் இயக்கி வையுங்கள். அதே பக்கத்தில் திரை அணையும் நேரம் என்று ஒன்று இருக்கும். அதை ஒருபோதும் இல்லை என்று வைத்தால், க்னோமைப் பொறுத்தவரை அமர்வு செயலற்ற நிலைக்குப் போவதே இல்லை, ஆகவே தானியங்கிப் பூட்டும் விழுவதில்லை. பூட்டும் நேரம் என்பதும் திரை அணைந்த பிறகு எண்ணப்படுவதே. உங்களுக்கு 5 நிமிடத்தில் பூட்டு வேண்டுமென்றால், திரை அணையும் நேரத்தை 5 நிமிடமாகவும், அதன் பின்னான தாமதத்தை உடனே என்றும் வைக்க வேண்டும். இரண்டையும் 5 நிமிடமாக வைத்தால் 10 நிமிடம் ஆகிவிடும்.

சரியாக அமைத்த கணினியிலும் சில நேரம் இன்னொரு குறை தெரியும்: எழுப்பியவுடன், கடவுச்சொல் பெட்டி வருவதற்கு முன்னால், பழைய திரை ஒரு கணம் பளிச்சிட்டு மறையும். உறங்கும் வேகத்தில் பூட்டு நிரல் திரையை வரைந்து முடிக்கவில்லை என்பதே காரணம். இதற்காகத்தான் லாகின்டியில் அந்த டிலே வகைத் தடை இருக்கிறது. உறங்கப்போகிறோம் என்று லாகின்டி அறிவிக்கும். பூட்டு நிரல் திரையை மூடி முடித்ததும் தன் தடையை விடும். அதன் பிறகே கணினி உறங்கும். ஆனால் லாகின்டி எல்லையில்லாமல் காத்திருக்காது. இயல்பாக 5 விநாடிதான். அதற்குள் பூட்டு தயாராகாவிட்டால் பூட்டாமலேயே உறங்கிவிடும். சுழலும் ஹார்டு டிஸ்க்கும் 4 ஜிபி ரேமும் உள்ள பழைய கணினியில், பிரவுசர் எல்லா நினைவகத்தையும் விழுங்கியிருக்கும் வேளையில், இந்த 5 விநாடி போதாமல் போவது உண்டு. அப்படிப்பட்ட கணினிகளில் லாகின்டியின் கோப்பில் இன்ஹிபிட்டிலேமேக்ஸ்செக் என்ற வரியை 15 ஆக்கிவிடுவது நல்லது. கோப்பைத் தொடாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது ஒன்றே விலக்கு. உங்களைப் போல் 5 நிமிடத்தில் பூட்டு, 30 நிமிடத்தில் உறக்கம் என்று இடைவெளி விட்டு வைத்தால், உறங்கும் நேரத்தில் பூட்டு எப்போதோ விழுந்திருக்கும் என்பதால் இந்தப் போட்டி பெரும்பாலும் எழுவதில்லை; கையால் சஸ்பெண்ட் கொடுக்கும்போதுதான் எழும்.

மின்ட் கணினியின் கதைதான் சுவையானது. சில நாள் செய்கிறது, பல நாள் செய்வதில்லை என்றால், அமைப்பு சரியாக இருக்கிறது, கடிகாரத்தை யாரோ பூஜ்யத்துக்குத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள் என்று பொருள். நான் இரண்டு பேரைச் சந்தேகிக்கிறேன். முதல் ஆள், பிரவுசரில் ஓடும் வீடியோ. வீடியோ ஓடும்போது திரை அணையக் கூடாது என்று பிரவுசர்கள் மேசைத்தளத்திடம் தடை கேட்கின்றன, நியாயமான கோரிக்கைதான். ஆனால் யூடியூபில் செய்திச் சேனலின் நேரலையைக் காலையில் ஓட விட்டு, ஒலியைக் குறைத்துவிட்டு, மாலை வரை அப்படியே வைத்திருப்பது நம் பக்கத்து அலுவலகங்களில் சாதாரணம். அந்த நேரலை ஓடும் வரை பூட்டும் இல்லை, உறக்கமும் இல்லை. அந்தக் கணினியில் அமரும் ஊழியருக்குச் செய்தி கேட்க வேண்டுமானால், அதைத் தன் கைப்பேசியில் கேட்கச் சொல்லிவிடுங்கள்.

இரண்டாவது ஆள், உங்கள் வாசலில் போகும் லாரி. விளையாட்டுக்குச் சொல்லவில்லை. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி ஒன்று பள்ளத்தில் இறங்கி ஏறினால், அந்தச் சாலையோரக் கட்டடங்களின் மாடியில் மேசை அதிர்வதை நீங்களே உணர்ந்திருப்பீர்கள். கண்ணாடி போட்ட மேசை, அதன் கீழே விசிட்டிங் கார்டுகளும் சாமி படமும் ஷிப்பிங் லைன் காலண்டரும், அதற்கு மேல் பேட் இல்லாமல் ஓர் ஆப்டிகல் மவுஸ் என்று இருந்தால், அந்த மவுஸுக்குக் கண்ணாடிப் பரப்பே சரியாகத் தெரியாது. சிறிய அதிர்வுக்கும் ஒரு புள்ளி நகர்ந்ததாக அது சொல்லிவிடும். திரையில் அம்புக்குறி அசைவது உங்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் கடிகாரத்துக்கு ஒரு புள்ளி போதும். சோதிப்பது எளிது. மின்டின் சின்னமன் எக்ஸ் 11-இல் ஓடுகிறது என்றால், எக்ஸ்பிரின்ட்ஐடில் என்ற சிறிய நிரலை நிறுவி, வாட்ச் ஆணையோடு சேர்த்து டெர்மினலில் ஓட விடுங்கள். கடைசி அசைவிலிருந்து எத்தனை மில்லிவிநாடி ஆயிற்று என்ற எண் ஏறிக்கொண்டே போகும். கையைக் கட்டிக்கொண்டு அதையே பாருங்கள். 1,80,000-ஐத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த எண், வெளியே ஒரு டிரெய்லர் போகும்போது திடீரென்று சில நூறுக்கு விழுந்தால், குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டார். லிபின்புட் கருவியின் டீபக்-ஈவென்ட்ஸ் ஆணை இன்னும் துல்லியமாக, எந்தச் சாதனத்திலிருந்து அந்த அசைவு வந்தது என்பதையே வரி வரியாகக் காட்டும். வேலேண்டிலும் அது வேலை செய்யும். தீர்வுக்குப் பெரிய செலவு இல்லை. கறுப்புத் துணிப் பரப்புள்ள ஒரு மவுஸ் பேட் போதும்.

இதோடு மின்டில் சரிபார்க்க வேண்டியவை இரண்டே. ஸ்கிரீன்சேவர் அமைப்பில் தாமதத்தை 5 நிமிடமாக்கி, உறக்கத்தின்போது பூட்டு, ஸ்கிரீன்சேவர் தொடங்கியபின் பூட்டு ஆகிய இரண்டையும் இயக்குங்கள். பவர் மேனேஜ்மென்ட்டில் செயலற்ற நிலையில் சஸ்பெண்ட் என்பதை 30 நிமிடமாக்குங்கள். எக்ஸ்எஃப்சிஈ பயன்படுத்துபவர்களுக்கும் ஏறக்குறைய இதுவேதான். கேடிஈயில் பூட்டுக்குத் தனிப் பக்கமும் மின்சாரத்துக்குத் தனிப் பக்கமும் இருக்கும்; பூட்டு விழுந்தபின் சில விநாடி வரை கடவுச்சொல் கேட்காமல் திறக்கும் சலுகை ஒன்று அங்கே இயல்பாக உண்டு, பொதுமக்கள் வந்துபோகும் இடத்தில் அதைப் பூஜ்யமாக்கிவிடுங்கள்.

மைத்துனரின் ஸ்வே லேப்டாப்பில் எதுவும் தானாக வராது. எல்லாவற்றையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டும். ஸ்வேஐடில், ஸ்வேலாக் என்ற இரண்டு நிரல்கள் போதும். ஸ்வேயின் அமைப்புக் கோப்பில் ஸ்வேஐடிலைத் தொடங்கும் வரியில் மூன்று கட்டளைகளைத் தர வேண்டும்: 300 விநாடி ஆனதும் ஸ்வேலாக், 1800 விநாடி ஆனதும் சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட், பிஃபோர்-ஸ்லீப் என்ற நிகழ்வில் மறுபடியும் ஸ்வேலாக். மூன்றாவதை விட்டுவிட்டால், மூடியை மூடி உறங்கவைத்த லேப்டாப் பூட்டாமல் திறக்கும். இதில் இரண்டு தெரிவுகள் மிக முக்கியமானவை. ஸ்வேஐடிலுக்கு டபிள்யூ என்ற சிறிய எழுத்துத் தெரிவைத் தந்தால், கொடுத்த ஆணை முடியும் வரை அது காத்திருக்கும். உறக்கத்துக்கு முன் பூட்டு விழுந்ததை உறுதி செய்ய இது தேவை. ஆனால் ஸ்வேலாக் இயல்பாக, நீங்கள் கடவுச்சொல்லைத் தட்டித் திறக்கும் வரை முடிவதில்லை. ஆகவே முதல் கட்டளையிலேயே ஸ்வேஐடில் மாட்டிக்கொண்டு, 1800 விநாடிக்கு உரிய உறக்கம் வராமலே போய்விடும். இதைத் தவிர்க்க ஸ்வேலாக்கை எஃப் என்ற சிறிய எழுத்துத் தெரிவோடு அழைக்க வேண்டும். அப்போது திரையைப் பூட்டி முடித்த கணத்தில் அது பின்னணிக்குப் போய்விடும், ஸ்வேஐடிலும் தொடர்ந்து எண்ணும். பெரிய எழுத்து எஃப் வேறு வேலையைச் செய்வது, தவறான முயற்சிகளின் எண்ணிக்கையைக் காட்டுவது. பூட்டு விழுகிறது, உறக்கம் வரவில்லை என்று சொல்பவர்களின் கோப்பில் நான் முதலில் தேடுவது இந்த எழுத்தைத்தான். ஐ3 போன்ற எக்ஸ் 11 சாளர மேலாளர்களில் இதே வேலையை எக்ஸ்எஸ்எஸ்-லாக்கும் ஐ3லாக்கும் சேர்ந்து செய்கின்றன. நேரத்தை எக்ஸ்செட் ஆணையால் அமைக்க வேண்டும்.

பூட்டு எவ்வளவு உறுதியானது என்பதும் இந்த வேறுபாட்டோடு சேர்ந்தது. எக்ஸ் 11-இல் பூட்டு என்பது மற்ற சாளரங்களுக்கு மேலே விரிக்கப்பட்டு, கீபோர்டையும் மவுஸையும் தன் பிடியில் வைத்துக்கொள்ளும் இன்னொரு சாளரம்தான். ஒரு மெனு திறந்து கிடக்கும்போது அந்த மெனுவே கீபோர்டைப் பிடித்துக்கொண்டிருப்பதால், பூட்டு விழ முடியாமல் போகலாம். வலது கிளிக் செய்துவிட்டு அப்படியே தேநீர் குடிக்கப் போகிறவர்களின் கணினி திறந்தே கிடப்பது இதனால்தான். பூட்டு நிரல் செயலிழந்து விழுந்தால் அடியில் இருப்பது அப்படியே தெரியும். 2021 ஜனவரியில் மின்டின் சின்னமனில் நடந்தது அதுதான்: ஒருவருடைய பிள்ளைகள் கீபோர்டையும் திரையில் வரும் கீபோர்டையும் ஒரே நேரத்தில் கண்டபடி தட்டியதில் ஸ்கிரீன்சேவர் விழுந்து, கடவுச்சொல் இல்லாமலே கணினி திறந்துகொண்டது. அந்தக் குறை உடனடியாகத் திருத்தப்பட்டுவிட்டது; எனினும், வருகிற அப்டேட்டுகளைத் தள்ளிப்போடாதீர்கள். வேலேண்டில் இதற்கென்று தனி நெறிமுறை இருக்கிறது. அதைப் பின்பற்றும் ஸ்வே போன்றவற்றில் பூட்டு நிரல் செத்தாலும் திரை பூட்டியபடியே இருக்கும். ஆகவே பொதுமக்கள் எதிரே அமரும் மேசையில் வேலேண்ட் அமர்வு கிடைக்குமானால் அதையே தேர்ந்தெடுங்கள் என்பேன். கன்ட்ரோல், ஆல்ட் விசைகளோடு எஃப்3 அழுத்திக் கிடைக்கும் கறுப்புத் திரையில் யாராவது உள்நுழைந்துவிட்டு வெளியேறாமல் விட்டிருந்தால், வரைகலைப் பூட்டு அதைக் காக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். எல்லா ஊழியர்களும் ஒரே பயனர் கணக்கை, எல்லோருக்கும் தெரிந்த ஒரே கடவுச்சொல்லோடு பயன்படுத்தும் வழக்கம் உங்களிடமும் இருந்தால், மேலே சொன்னதில் பாதிக்கு மேல் வீண். ஆளுக்கொரு கணக்கு உண்டாக்குவதே முதல் வேலை.

உறக்கத்தைப் பற்றி, நம் வட்டாரத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். சஸ்பெண்ட் என்பது ரேமில் இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அணைப்பது. ரேமுக்கு மின்சாரம் வந்துகொண்டே இருக்க வேண்டும். லேப்டாப்புக்குப் பேட்டரி இருக்கிறது. மேசைக் கணினி உறங்கும்போது மின்சாரம் போனால், சேமிக்காத வேலை அத்தனையும் போய்விடும். மாதாந்திரப் பராமரிப்புக்கு என்று காலையில் போகும் மின்சாரமும், மழைக்காலத்தில் திடீரென்று போகும் மின்சாரமும் நமக்குப் பழக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னையின் பல பகுதிகள் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தன. யூபிஎஸ் இருக்கிறதே என்று எண்ணலாம். உறங்கும் கணினி இழுப்பது சில வாட்தான்; ஆனால் யூபிஎஸ் தன்னை இயக்கிக்கொள்ளவும் மின்சாரம் செலவழிக்கும் என்பதால், கணக்குப்படி கிடைக்க வேண்டிய நேரம் கிடைப்பதில்லை. அதற்கும் மேலாக, சுமை மிகக் குறைந்தால் எதுவும் இணைக்கப்படவில்லை என்று கருதித் தன்னை அணைத்துக்கொள்ளும் யூபிஎஸ்களும் உண்டு. உங்களுடையது அப்படிப்பட்டதா என்று ஒருமுறை மின் இணைப்பை எடுத்துச் சோதித்துவிடுங்கள்.

இதற்கு நடுவழி ஹைப்ரிட் ஸ்லீப். ரேமில் இருப்பதை டிஸ்க்கில் ஒரு பிரதி எழுதிவிட்டுப் பிறகு உறங்குவது. மின்சாரம் இருந்தால் சட்டென்று எழும், போயிருந்தால் டிஸ்க்கிலிருந்து மீட்டுக்கொள்ளும். இதற்கு, டிஸ்க்கில் நினைவகத்துக்கென்று ஒதுக்கப்படும் ஸ்வாப் இடம் ரேம் அளவுக்கு வேண்டும். உபுண்டு நிறுவும்போது இயல்பாகத் தரும் ஸ்வாப் கோப்பு பெரும்பாலும் போதாது. செக்யூர் பூட் என்ற தொடக்கநிலைப் பாதுகாப்பு இயக்கத்தில் இருந்தால், டிஸ்க்கில் எழுதி உறங்குவதையே கெர்னல் மறுத்துவிடுவதும் உண்டு. இவ்வளவு ஏற்பாடு செய்ய மனமில்லாதவர்களுக்கு என் பரிந்துரை எளியது: மேசைக் கணினிகளில் பூட்டை 5 நிமிடத்தில் வையுங்கள், உறக்கத்தை 30 நிமிடத்துக்குப் பதிலாக 60 நிமிடமாக வையுங்கள், மதியச் சாப்பாட்டுக்கு எழும்போது சேமித்துவிட்டு எழும்படி ஊழியர்களிடம் சொல்லுங்கள். பொதுவான பிரின்டர் எந்தக் கணினியில் இணைந்திருக்கிறதோ, அதை மட்டும் உறங்கவிடாதீர்கள். அது உறங்கினால் மற்ற இரண்டிலிருந்தும் பிரின்ட் போகாது, அதை எழுப்ப ஆள் ஓட வேண்டும். சுங்கத் துறையின் இணையதளமான ஐஸ்கேட்டில் கையொப்பமிட நீங்கள் பயன்படுத்தும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன், உறங்கி எழுந்ததும் தன் பின் எண்ணை மறுபடி கேட்கலாம், சில நேரம் கழற்றி மாட்டவும் நேரலாம். அது கோளாறு அல்ல. உறக்கத்தில் யுஎஸ்பி இணைப்பு அறுந்து மறுபடி சேர்வதன் விளைவு.

அமைத்த பிறகு சோதிக்க அரை மணி நேரம் காத்திருக்கத் தேவையில்லை. முதலில் லாகின்சிடிஎல் லாக்-செஷன் என்ற ஆணையைக் கொடுங்கள். திரை பூட்டிக்கொண்டால், பூட்டு நிரல் லாகின்டியின் பேச்சைக் கேட்கிறது என்று தெரிந்துவிடும். அடுத்து சிஸ்டம்சிடிஎல் சஸ்பெண்ட் கொடுத்து, எழுப்பிப் பார்த்துக் கடவுச்சொல் கேட்கிறதா என்று பாருங்கள். ஆர்டிசிவேக் என்ற ஆணைக்கு மெம் என்ற நிலையையும் 60 விநாடியையும் தந்தால், கணினி தானே உறங்கி ஒரு நிமிடத்தில் தானே எழும்; எழுந்தபின் திரை கறுத்தே கிடந்தால், பிரச்சினை பூட்டிலும் கடிகாரத்திலும் இல்லை, பெரும்பாலும் கிராபிக்ஸ் டிரைவரில் இருக்கிறது. இவை மூன்றும் சரியாக நடந்த பிறகே கடிகாரத்தைச் சோதிக்க வேண்டும். அதற்கும் நேரங்களைத் தற்காலிகமாக மிகக் குறைவாக வைத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஆனால் விரைவில் கேட்கப்போகிற ஒன்று. ஊழியர் வேலை முடிந்து லாக்-அவுட் செய்துவிட்டுப் போனால், அதன் பின் உபுண்டுவின் திரையில் இருப்பது ஜிடிஎம் என்ற உள்நுழைவுத் திரை. அதுவும் தனக்கென்று ஒரு பயனரும் தனக்கென்று அமைப்புகளும் உள்ள தனி அமர்வு. உங்கள் கணக்கில் நீங்கள் வைத்த எந்த நேரமும் அதற்குப் பொருந்தாது. 2018-இல் வந்த க்னோம் 3.28 முதல், மின் இணைப்பில் இருந்தாலும் சிறிது நேரம் தொடாவிட்டால் உறங்குவதே க்னோமின் இயல்பு என்று ஆகிவிட்டதால், பிரின்டருக்காக உறங்காமல் வைத்த கணினியும், உள்நுழைவுத் திரையில் விடப்பட்டால் உறங்கிவிடக்கூடும். உபுண்டு, டெபியன் இரண்டிலும், எட்சி கோப்புறைக்குள் ஜிடிஎம்3 என்ற கோப்புறையில் கிரீட்டர் என்று தொடங்கும் டீகான்ஃப் கோப்பு ஒன்று இருக்கிறது. அதில் ஸ்லீப்-இன்ஆக்டிவ்-ஏசி-டைப் என்ற வரியின் முன்னுள்ள ஹாஷ் குறியை நீக்கி, மதிப்பை நத்திங் என்று மாற்றினால், அந்தப் பிரின்டர் கணினி உள்நுழைவுத் திரையிலும் விழித்தே இருக்கும். மற்ற இரண்டிலும் அந்தக் கோப்பைத் தொட வேண்டியதில்லை.